பலகைக்குப் பின்னால்

மார்கழி, வியாழன்.

உள் அலங்கார வேலைக்கு அரசு லைசென்ஸைக் கட்டாயமாக்கக் கூடாது என்று நாங்கள் எழுதிய மனுவுக்கு இன்று கையெழுத்து வாங்கக் கிளம்பினேன். முதலில் ஸ்டெல்லா டீச்சர் வீடு. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் என்னை நம்பி முதல் வேலை கொடுத்தவர்.

படுக்கையறையில் நுழைந்ததுமே மனசு பின்னால் ஓடிவிட்டது. மேலிருந்து கீழ்வரை நான் அடித்த பைன் பலகைச் சுவர், மங்காமல் அப்படியே இருக்கிறது. அப்போதெல்லாம் மதியம் டீச்சரும் எங்களோடு தரையில் உட்கார்ந்து சாப்பிடுவார். ஒவ்வொரு பலகை பொருந்தும்போதும் கைதட்டுவார்.

"இந்தப் பலகை வந்ததுல இருந்து சில்லுனு ஒரு காத்து உள்ள வரலம்மா" என்றார் இன்றும். கட்டிலுக்குப் பக்கத்தில், குளிர்காயக் கரி மூட்டும் கரிச்சட்டி. "ராத்திரி கதவு ஜன்னலைச் சாத்திட்டு இதை வச்சுக்குவேன். வெள்ளனே எந்திரிக்கையில தலைதான் பாரமா கெடக்கு. வயசாச்சுல்ல."

வயசு இல்லை. அந்தப் பலகைக்குப் பின்னால் இரண்டு வென்டிலேட்டர்கள் இருக்கின்றன. அழகைக் கெடுக்கின்றன என்று மூடியவள் நான். கரியின் நச்சுப்புகை வெளியேற வேறு வழியே இல்லை. அவை எதற்கென்று அன்று எனக்குத் தெரியாது. தெரியுமா என்று யாரும் கேட்கவும் இல்லை.

டீச்சர் கையெழுத்துப் போட்டுவிட்டு, "உன் கைக்கு எதுக்குடி லைசென்ஸ்?" என்று சிரித்தார்.

ஹீட்டர் வாங்கித் தருகிறேன் என்று சொல்லிக் கரிச்சட்டியைக் காரில் தூக்கிப்போட்டு வந்துவிட்டேன். காரணத்தைச் சொல்ல வாய் வரவில்லை. நாளை ரம்பத்தோடு போய்ச் சொல்ல வேண்டும்.

மனுவில் டீச்சர் கையெழுத்து மட்டும் இருக்கிறது. எனக்கென்று விட்டிருந்த இடம் இன்னும் காலி.