எழுந்து நின்ற குற்றம்

அன்புள்ள அப்பாவுக்கு,

மஸ்கட்டில் நான் சுகம். உங்கள் வலது கை இப்போதும் வலிக்கிறதா?

ஊனமுற்றோர் ஓய்வூதிய மனு தள்ளுபடியானதை அம்மா போனில் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. படகில் வலை இழுக்கும் வின்ச்சில் சிக்கிப் போன நான்கு விரல்கள் போதாதா? காலும் நடக்காது என்று பொய் எழுதியவன் அந்த வக்கீல். "அதிகாரி வந்தா எழும்பப்பிடாது, கேட்டீரா" என்றானாம். அதிகாரி வந்ததும் நீங்கள் வழக்கம்போல் மரியாதைக்கு எழுந்து நின்றீர்கள். உடனே, "எல்லாத்தையும் நீரு கெடுத்துட்டீரு" என்றானாம், கேடுகெட்டவன். இனி அவனை வீட்டுப்படி ஏற்றாதீர்கள். புது மனுவில் கையை மட்டும் எழுதச் சொல்லுங்கள். அதற்கு அதிகாரி வந்தாலும் எழுந்தே நில்லுங்கள்.

பக்கத்து வீட்டு டெல்வின் லீவு முடிந்து இங்கே திரும்பும்போது அவனிடம் நெத்திலிக் கருவாடு கொடுத்துவிடுங்கள். கூடவே ஒரு கடிதமும். அம்மாவை எழுதவிடாமல், இடது கையால் நீங்களே கிறுக்குங்கள், நான் வாசித்துக்கொள்வேன்.

கம்பெனி பஸ் வந்துவிட்டது.

பிரிஜா