பாலத்தில் பஞ்சரான பின்சக்கரம்

அன்பு வாலுவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம்தான், நீ சுகமாக இருப்பதை உன் குரலில் கேட்டால்தான் எனக்கு நம்பிக்கை வரும். அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, அண்ணன் வீட்டுச் சின்னதுக்கு முன்பல் விழுந்துவிட்டது, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் வாயைத் திறந்து காட்டுகிறது.

போன வாரம் நீ வேலை முடிந்து திரும்பும்போது பாலத்தில் நின்று போன் செய்தாயே, அது இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. வெளிநாட்டில் உனக்கு இருட்டிக்கொண்டு வருகிறது, எனக்கு இங்கே விடிந்து மில்லுக்குக் கிளம்புகிற அவசரம். "புது டியூப் இருக்கும்மா, பம்பு இருக்கு, சக்கரத்தக் கழட்டத்தான் முடியல, நட்டு அசையவே மாட்டேங்குது" என்றாய். ஒரு ஸ்பேனர் இருந்தால் முடிகிற வேலை. நானும் தினமும் சைக்கிளில் போகிறவள்தானே, என் பையில் ஸ்பேனர் கிடந்தது, அதைக் கையில் பிடித்துக்கொண்டுதான் உன்னோடு பேசினேன், எட்டிக் கொடுக்க முடியவில்லை. சரி, சக்கரத்தைக் கழற்றாமலே டயரை ஒருபக்கம் நெம்பி, டியூபை இழுத்து ஓட்டையை ஒட்டு என்றேன். "ஒட்டுறதுக்கு ஒண்ணும் கொண்டுவரலம்மா" என்றாய். ஏதோ லாரி போகிற சத்தம், அதோடு உன் போன் செத்துவிட்டது.

"இங்கேருந்து நீ என்ன பண்ண முடியும், வேலைக்குக் கிளம்பு" என்றார் அப்பா. சொன்னவரே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார், எங்கே போகிறீர்கள் என்று கேட்டதும் மறுபடி கழற்றினார். மில்லில் நான் சோதிக்க வேண்டிய துணி என் கண் முன்னால் ஓடியது, கிழிசல் எதுவும் கண்ணில் படவில்லை, சூப்பர்வைசர் முழுத் துணிக்கட்டையும் திருப்பி அனுப்பினார். அப்புறம்தான் "தள்ளிக்கிட்டே வந்து சேந்துட்டேன்" என்று நீ அனுப்பியது வந்தது. பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வந்து அந்தத் துணிக்கட்டை மறுபடி சோதித்தேன்.

இனிமேல் உன் நட்டுக்குச் சரியான ஸ்பேனரைப் பையில் போடு, கடையில் வாங்கும்போதே நட்டில் மாட்டிப் பார். ஒட்டுப்பசை, ஒட்டுத்துண்டு, டியூபைத் தேய்க்க உப்புத்தாள், டயர் நெம்புகிற தகடு இரண்டு, கை துடைக்கப் பழைய துணி. பம்பின் வாய் உன் வால்வுக்குப் பொருந்துகிறதா என்று வீட்டிலேயே ஒருதரம் காற்றடித்துப் பார்த்துவிடு. புது டியூப் போடுமுன் டயருக்குள் துணியை ஓட்டிப் பார், கண்ணாடித் துண்டு உள்ளேயே இருந்தால் அதுவும் போச்சு. போனுக்குச் சார்ஜ் போட மறக்காதே.

இத்தனையும் எழுதிவிட்டேன், மனசு ஆறவில்லை. நாளைக்குச் செயின் அறுந்தால் அதற்கு வேறு ஏதோ வேண்டும், நான் எழுதாமல் விட்டது எதுவோ அதுதான் உனக்குத் தேவைப்படும். அப்போது அதோடு மல்லுக்கட்டாதே, ஓரமாகப் பூட்டிப் போட்டுவிட்டுப் பஸ்ஸில் ஏறிவிடு. சைக்கிள் தொலைந்தால் தொலையட்டும்.

நீ நன்றாக இருக்க வேண்டும், உன்னை ஒரு குறையும் அண்டக் கூடாது. வீடு சேர்ந்ததும் ஒரு வார்த்தை அனுப்பு. அம்மா தூங்குவாள் என்று நேரம் பார்க்காதே, நீ அனுப்புகிறவரை இங்கே யாரும் தூங்குவதில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா
(அப்பாவும்தான், பக்கத்திலேயே நிற்கிறார்)