காப்புக்கு முன் இரண்டு கோடு

வைகாசி 9, சனி

கத்திரி வெயில். கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சியாயிற்று. மகள் கவிதா ஹாஸ்டலிலிருந்து வந்தாள், நர்சிங் மூன்றாம் வருஷம். துப்பட்டாவில் சுற்றிக் கொண்டுவந்தாள், நான் கேட்ட டெஸ்ட் கிட்டை. இரண்டு பட்டை. மாதவிடாய் நிற்கிறதா என்று சிறுநீரில் பார்ப்பது.

வயது நாற்பத்தெட்டு. கடைசியாக வந்தது ஐப்பசியில்.

19-ம் தேதி திரௌபதி அம்மனுக்குக் காப்பு. எங்கள் ஊரில் பெண் தீ மிதிக்க வேண்டுமென்றால் அது நின்றிருக்க வேண்டும். கவிதா குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது வேண்டிக்கொண்டேன். இருபது வருஷம். எனக்குப் பதிலாக வீட்டுக்காரர்தான் மிதிக்கிறார். வேண்டியது என் வாய். மிதிக்க வேண்டியது என் கால். இந்த வருஷம் விடப்போவதில்லை.

10, ஞாயிறு

விடிந்ததும் முதல் சிறுநீர். ஊறுகாய் பாட்டில் மூடியில். இரண்டு கோடும் ஒரே அழுத்தம். நிற்கிறது என்று அர்த்தம்! சந்தோஷத்தில் பட்டையை ஜன்னலிலேயே விட்டுவிட்டேன். பல் விளக்க வந்தவர் பார்த்துவிட்டார். டிவி விளம்பரம் பார்த்துக் கெட்ட மனுஷன்.

"இன்னாடி இது, ரெண்டு கோடு? இந்த வயசுலயா? ஊரே சிரிக்குமேடி!"

"அட, அது வேறங்க. இது நின்னுடுச்சான்னு பாக்கறது."

கவிதா சிரித்த சிரிப்பில் காபி கொட்டியது. விளக்கிச் சொன்ன பிறகு அவர் முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம். இருக்கட்டும்.

வாங்க: கற்பூரம், மஞ்சள், சீயக்காய், அவர் பிரஷர் மாத்திரை.

17, ஞாயிறு

இரண்டாம் பட்டை. ஒரு கோடு வெளிறிக் கிடக்கிறது, நிற்கவில்லை என்கிறது. வெளிச்சத்தில் பிடித்தேன், திருப்பினேன், திட்டினேன். கவிதாவுக்கு போன்.

"ஹார்மோன் ஏறும், எறங்கும்மா. பட்டைய வச்சி முடிவு பண்ண முடியாது. ஒரு வருஷம் முழுசா வரலன்னாதான் நின்னுடுச்சின்னு அர்த்தம்."

"அப்ப எதுக்குடி வாங்கியாந்த?"

"நீதானம்மா கேட்ட!"

ஐப்பசி வரை காத்திருக்க முடியாது. காப்பு கட்டத்தான் போகிறேன்.

19, செவ்வாய்

பூசாரி வீட்டு அக்கா மஞ்சள் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். "நின்னுடுச்சாடி?"

"ஏழு மாசம் ஆவுதுக்கா."

பொய் இல்லை. கட்டிவிட்டார். வீட்டுக்காரருக்கும் கட்டினார்கள், வருஷா வருஷப் பழக்கம். இனி ஒருவேளைச் சாப்பாடு, தனிப் பாய்.

28, வியாழன்

காலையிலிருந்தே இடுப்பு வலி. மத்தியானம் கரும்புக் கொல்லையில் தெரிந்தது. வந்துவிட்டது. பம்ப்செட் தொட்டியோரம் உட்கார்ந்து அழுதேன். ஏழு மாதம் வராதது இன்றைக்கா வர வேண்டும்? நாளைக்குத் தீமிதி. கயிற்றை அவிழ்க்கக் கையை வைத்தேன்.

கோயிலில் கதை சொல்கிறவர் வருஷா வருஷம் சொல்கிறாரே. முடியைப் பிடித்துச் சபைக்கு இழுத்துப் போன அன்று அம்மனும் வீட்டு விலக்குத்தான். அவளுக்குத் தெரியாததா எனக்கு வந்துவிட்டது?

அவிழ்க்கவில்லை. யாரிடமும் சொல்லப் போவதும் இல்லை. பேடு ஒரு பாக்கெட், பாகூரில் வாங்கினேன். நம் ஊர்க் கடை வேண்டாம்.

29, வெள்ளி

மிதித்தேன். கவிதா அந்தப் பக்கம் நின்று அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. இருபது வருஷ பாரம் இறங்கியது.

இடது குதிகாலில் ஒரு கொப்புளம். அவருக்கு மூன்று. மருந்து தடவிக்கொண்டே சொல்கிறார், "ஒனக்கு சுத்தம் ஜாஸ்திடி. அதான் அம்மா வுட்டுட்டா."

ஆமாங்க என்றேன்.