நன்னடத்தைக் கட்டத்தில் எழுதிய சொல்

சார்,

எதிர் வீட்டில் குடியிருப்பவர் தொழிற்பேட்டையில் சூப்பர்வைசர். போன வாரம் ஒரு தாளைக் கொண்டுவந்து காட்டினார். வருடம் முழுவதும் அவர் செய்த வேலைக்கு அதிகாரி போட்ட மதிப்பு. ‘குட்’ என்று இருந்தது.

“நல்லதுதானே?” என்றேன்.

“என்ன சார் நீங்க! குட்னா ப்ரமோஷன் லிஸ்ட்ல பேரே வராது. அதுக்கு மேல வெரி குட், எக்ஸலன்ட், அவுட்ஸ்டாண்டிங்னு மூணு இருக்குது.”

அவர் போன பிறகு உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். நீங்கள் காலமாகி வருடங்கள் ஆகிவிட்டன. இருந்தாலும் இந்தச் சொல்லைப் பற்றி வேறு யாரிடம் பேசுவது?

அறுபதுகளின் கடைசி. ஓசூரில் நாம் வேலை பார்த்த பள்ளியில், பதினோராம் வகுப்பு முடிப்பவர்களுக்கு நன்னடத்தைச் சான்றிதழை நீங்கள்தான் எழுதுவீர்கள், ஆங்கில ஆசிரியர் என்பதால். பக்கத்தில் உட்கார்ந்து மையை ஒற்றி எடுப்பது கணக்கு வாத்தியாரான என் வேலை. அச்சடித்த படிவத்தில் நடத்தைக்கு என்று விட்டிருந்த இடம் ஒரு சொல் அளவுதான். உங்களுக்கு முன்னால் இருந்தவர் அத்தனை பேருக்கும் ‘குட்’ எழுதிவிட்டுப் போயிருந்தார்.

“எல்லாருக்கும் குட்னா, அந்த வார்த்தைக்கு அப்புறம் என்னய்யா வேலை?” என்றீர்கள்.

நீங்கள் அளந்து எழுதினீர்கள். வம்புக்குப் போகிறவனுக்கு ‘ஃபேர்’. குறை சொல்ல ஒன்றும் இல்லாதவர்களுக்கு ‘சாட்டிஸ்ஃபேக்டரி’. பல வருடம் பார்த்து, இவர் நல்லவர் என்று நீங்களே சாட்சி சொல்லத் தயாராக இருந்தவர்களுக்கு மட்டும் ‘குட்’. அகராதிப்படி இதில் ஒரு தவறும் கிடையாது.

ஆனால் சொற்கள் அகராதியில் குடியிருப்பதில்லை. கிருஷ்ணகிரி மண்டியில் போய், எந்தக் கூடை நல்ல பழம் என்று கேட்டுப் பாருங்கள். எல்லாமே நல்ல பழம்தான் என்பார்கள். ஒரு கூடையைக் காட்டி “இது சுமாருங்க” என்று வியாபாரியே சொன்னால், அதை யாரும் தொடமாட்டார்கள். அழுகல் என்றுதான் அர்த்தம். சான்றிதழிலும் அப்படித்தான். ‘குட்’ என்பது தரை. அதற்குக் கீழே எது எழுதினாலும் பள்ளம்.

இது எனக்குத் தெரியும். ஆசிரியர் ஆவதற்கு முன் ஓர் அலுவலகத்தில் இரண்டு வருடம் விண்ணப்பங்களைப் பிரித்து அடுக்கியிருக்கிறேன். ‘சாட்டிஸ்ஃபேக்டரி’ என்று கண்டால் மேற்கொண்டு படிக்காமல் ஒதுக்கி வைப்போம்.

ஸ்டெல்லாவின் படிவம் வந்தபோது நீங்கள் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு யோசித்தீர்கள். காவேரிப்பட்டினத்திலிருந்து அந்த வருடம்தான் வந்து சேர்ந்த பெண். பெங்களூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சிக்கு எழுதிப்போடப் போகிறாள் என்று நம் இருவருக்குமே தெரியும்.

“நல்ல பொண்ணாட்டந்தான் தெரியுது. ஆனா ஒரு வருஷந்தானே பாத்திருக்கேன்?” என்று சொல்லிவிட்டு ‘சாட்டிஸ்ஃபேக்டரி’ என்று எழுதினீர்கள்.

நான் வாயைத் திறக்கவில்லை. அதற்கு முந்தின நாள், நான் எழுதிய அறிவிப்பில் இருந்த ஆங்கிலப் பிழையை ஆசிரியர் அறையில் உரக்கப் படித்துச் சிரித்திருந்தீர்கள். அவ்வளவு தெரிந்தவருக்கு நான் என்ன சொல்ல என்று மையை ஒற்றிக் கொடுத்தேன்.

ஜூன் மாதம் ஸ்டெல்லாவின் அம்மா வந்தார். விண்ணப்பம் திரும்பி வந்திருந்தது. செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து உங்கள் மேசை முன்னால் நின்றார்.

“எம்பொண்ணு என்னா தப்பு பண்ணுச்சுங்க சார்?”

“ஒரு தப்பும் இல்லம்மா. தப்புன்னு நான் எழுதவே இல்லையே.”

“அங்க அப்படித்தாங்க கேக்கறாங்கோ. குட்னு போடாத பொண்ணு எப்படிப்பட்ட பொண்ணுன்னு கேக்கறாங்கோ.”

தலைமையாசிரியர், வேறு ஒன்று எழுதிக் கொடுத்துவிடுங்களேன் என்றார். உங்களுக்குக் கோபம் வந்தது. “பொய் எழுதச் சொல்றீங்களா சார்?”

அந்த அம்மா இடையில் பேசினார். “பொய் வேணாங்க. எம்பொண்ணு நல்லவளா கெட்டவளா? உங்களுக்குத் தெரிஞ்சத எழுதுங்க, போதும்.”

நீங்கள் ‘குட்’ என்று எழுதினீர்கள். எழுதியதோடு நிற்கவில்லை. அரை நாள் விடுப்பு போட்டு, அந்த அம்மாவோடு அடுத்த பஸ்ஸில் பெங்களூர் போனீர்கள். சாயங்காலம் திரும்பி வந்து, இடங்கள் நிரம்பிவிட்டன என்று மட்டும் சொன்னீர்கள். அடுத்த வருடம் வரச் சொன்னார்களாம். ஸ்டெல்லா போகவில்லை. துணிக்கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்ததாகக் கேள்வி. அதற்குமேல் எனக்குத் தெரியாது.

மறு வருடம் நீங்கள் அத்தனை படிவத்திலும் ‘குட்’ எழுதினீர்கள். பெயரைக்கூடப் பார்க்கவில்லை. கட்டு முழுவதும் முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

பிற்பாடு தலைமையாசிரியரானபோது நானும் எல்லோருக்கும் அதையே எழுதினேன். கூடவே, அந்தப் பிள்ளை செய்து நான் கண்ணால் பார்த்த ஒரு காரியத்தைத் தனித் தாளில் இரண்டு வரி எழுதி இணைத்தேன். உடம்பு சரியில்லாத தோழிக்கு மூன்று வாரம் பாடம் எழுதிக் கொடுத்தாள் என்பது போல. யாராவது படித்தார்களா, தெரியாது.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் உங்கள் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தோம். சம்பந்தமே இல்லாமல் நீங்களாக ஆரம்பித்தீர்கள். “அந்த வார்த்தைய அங்க எப்படிப் படிப்பாங்கன்னு அன்னிக்கு ஒருத்தர் சொல்லியிருந்தா, அப்பவே மாத்தியிருப்பேன்யா.”

“நம்ம ஸ்கூல்ல அது யாருக்கு சார் தெரியும்?” என்றேன்.

நீங்கள் தலையசைத்தீர்கள். நம்பிவிட்டீர்கள்.

எனக்குத் தெரியும் சார்.