ஆரஞ்சு உரித்தவர்

மார்ச் 3

என் வாயாடிக்கு,

நலம்தானே? நீ அண்ணன் வீட்டுக்குப் போய் ஏழு மாதம் ஆகிறது, ஒரு வரி இல்லை. என் படம் வந்து மூன்று வாரமாகிறது. முதல் நாள் 'ஆமை வேகம்' என்று சிரித்தவர்களே இப்போது வீட்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். ஆஸ்பத்திரிக் காட்சியில் நாயகன் ஆறு நிமிடம் ஆரஞ்சு உரிக்கிறான், வசனமே கிடையாது. தியேட்டரில் ஒருவரும் இருமுவதுகூட இல்லை. நம் குழந்தை தங்காமல் போனபோது உன் கட்டிலருகே உட்கார்ந்து உரித்துக் கொடுத்தேனே, அதை அப்படியே எடுத்திருக்கிறேன். இந்தப் படமே உனக்கு எழுதியதுதான். பார்த்துவிட்டு வீட்டுக்கு வா.

உன்,
ஆமை

மார்ச் 11

டைரக்டர் சாருக்கு,

கண்ணாடிக் கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு அண்ணியோடு போய்ப் பார்த்தேன். பொய் சொல்வானேன், அழகான படம். அவள் தலை துவட்டுவதை அவன் பார்த்துக்கொண்டே இருக்கிறானே, அங்கே எனக்கு மூச்சே நின்றுவிட்டது. "அடேயப்பா, ஒருத்தன் இப்படிப் பொறுமையா பார்த்தா ஆயுசுக்கும் சோறே வேண்டாம்டி" என்றாள் அண்ணி. இன்னொரு தடவை பார்க்க வேண்டும்போல் இருந்தது. உங்களிடமே திரும்பிவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

பிறகு ஆரஞ்சு வந்தது. உரித்தது நீங்களா? அன்று என் துணிப் பையைக் கட்டிலில் வைத்துவிட்டு, "இதோ வந்துட்டேன்" என்று ஷூட்டிங்குக்குப் போனவர், மூன்றாம் நாள் வந்தீர்கள். உரித்தவர் அடுத்த கட்டில் அம்மாளின் வீட்டுக்காரர். நாரெல்லாம் நீக்கி மனைவிக்கு ஒவ்வொரு சுளையாகக் கொடுத்தார். பார்த்துக்கொண்டே கிடந்த எனக்கும் இரண்டு சுளை நீட்டினார். இதை உங்களிடம் அழுதுகொண்டே சொன்னவள் நான்தான்.

திருடியதுகூடப் பரவாயில்லை. நீங்களே உரித்ததாக நம்புகிறீர்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஒரே ஒரு தடவை மன்னிப்புக் கேளுங்கள். வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
கட்டிலில் கிடந்தவள்

மார்ச் 16

என் வாயாடிக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், நான்தான் உரித்தேன் என்றே நினைத்திருந்தேன். விரலில் அந்த வாசனைகூட நினைவிருக்கிறது! கொடுக்காத அன்பைக் கொடுத்ததாகவே நம்பி வாழ்கிற ஒருவன். எப்பேர்ப்பட்ட கதை! என் அடுத்த படம் இதுதான். உன் கடிதத்தை ஒரு வார்த்தை மாற்றாமல் நாயகி படிக்க வேண்டும். தயாரிப்பாளர் அவசரப்படுத்துகிறார், உன் அனுமதி வேண்டும். மாதக் கடைசிக்குள் பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்,
ஆமை

மார்ச் 20

ஐயா,

மன்னிப்புக் கேட்கச் சொன்னேன், அனுமதி கேட்கிறீர்கள். நான் வாயை மூடிக்கொண்டிருந்ததையெல்லாம் சம்மதம் என்றுதான் ஒன்பது வருஷமாக எடுத்துக்கொண்டீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். வக்கீலிடமிருந்து விவாகரத்துக் காகிதம் தனியாக வரும், கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

சம்மதம் இல்லை. படத்துக்கும் இல்லை, திரும்பி வருவதற்கும் இல்லை.