நீ பறக்காமல் விட்ட ஒரு சுற்று

மாப்ள,

இன்று மூன்று மணிக்குத் திருநகர் வீட்டு மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். வெயில் கொளுத்தும்போதே மேற்கிலிருந்து சில்லென்று ஒரு காற்று, ஈரமண் வாசனையோடு. என் வேட்டி கொடியை விட்டுக் கிளம்பிப் பக்கத்து வீட்டு டிஷ் மேல் உட்கார்ந்துகொண்டது. தலைக்கு மேல் பொட்டு மேகம் இல்லை. நாகமலைப் பக்கம்தான் கறுத்து நின்றது. "இந்தா வந்துருச்சு பாருடா" என்று திரும்பினேன். தண்ணீர்த் தொட்டிதான் நின்றது.

நாற்பத்துநாலு வயதில், ஆரப்பாளையத்தில் கடை போட்டு மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்தவன், விமானம் ஓட்டப் படிக்கப்போகிறேன் என்றாய். உன் தொப்பையைப் பார்த்து, "அது மேல எந்திரிக்கணுமேடா" என்றேன். ஊரெல்லாம் முதலில் போய்ச் சொன்னவனும் நான்தான். என் வாயில் ரகசியம் தங்கியதாகச் சரித்திரம் இல்லை.

வானிலைப் பாடத்தில் உன்னைக் கேள்வி கேட்கும் உத்தியோகம் எனக்கு. ஒருநாள் பன்னீர் சோடா பாட்டில் வெளியே வேர்த்திருந்ததைக் காட்டினாய்.

"காத்து எம்புட்டுக் குளுந்தா இப்புடி வேர்க்குமோ, அதுதான் பனிநிலை. வெப்பம் எறங்கி அதுகிட்ட நெருங்குச்சுன்னா மூடுபனி. கண்ணு தெரியாது."

"எங்க வீட்டுல அம்மாவும் எம் பொண்டாட்டியும் அடுப்படியில நெருங்கி நிக்கிற மாதிரியா?"

"அதேதான். அப்ப வண்டிய எடுக்காத."

பிறகு அந்த நாள் வந்தது. ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் நீ தனியாக ஏறி, ஒரே ஒரு சுற்றுச் சுற்றி இறங்க வேண்டும். மாட்டுத்தாவணியில் ரோஜா மாலை வாங்கி, வெளியூர்ப் பயிற்சித் திடல் வரை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அதோடு விட்டேனா? முதல்நாளே உன் கடை வாசலில் ஃப்ளெக்ஸ் கட்டியாயிற்று: 'விண்ணை வென்று திரும்பும் எங்கள் வேங்கையே!' பரீட்சை எழுதுமுன்பே பாஸானதற்கு ஃப்ளெக்ஸ் அடிக்கிற ஊர் நம்முடையது. காலையிலேயே அதைப் படமெடுத்து உன் போனுக்கும் அனுப்பியிருந்தேன்.

திடலில் நல்ல வெயில். தூரத்தில் மட்டும் ஓர் இடிமேகம், உச்சி கொல்லன் பட்டடைக் கல் போலத் தட்டையாக. "பத்து நிமிஷம்தான். முடிவு உங்களுது சார்" என்றார் பயிற்சியாளர். நீ வெகுநேரம் பார்த்துவிட்டு, "இன்னைக்கு வேணாம் சார்" என்றாய்.

"மேகம் அங்கிட்டுல்லடா நிக்குது!" என்றேன் நான்.

"மேகம் அங்கதான் நிக்கும் மாப்ள. அது கொட்டுற குளுந்த காத்து தரையில மோதி, பல மைல் முன்னால ஓடியாரும். எறங்குற நேரத்துல வந்துச்சுன்னா குப்புறத் தள்ளிரும்."

காத்திருந்தோம். காற்றும் வரவில்லை, மழையும் வரவில்லை. மேகம் வேறு பக்கம் நகர்ந்து முடிவதற்குள் வெளிச்சம் போய்விட்டது.

திரும்பும் பஸ்ஸில் கேட்டாய்: "நான் செஞ்சது சரிதானே மாப்ள?"

"ஃப்ளெக்ஸுக்கு என்னடா பதில் சொல்றது?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அடுத்த வாய்ப்பு வருவதற்குள் மருத்துவப் பரிசோதனையில் உன் இதயம் தேறவில்லை. "என்னா பைலட்டு, ஃப்ளெக்ஸ் பறக்குது, நீ பறக்கலையா?" என்று டீக்கடையில் கேட்டார்கள். அந்தக் கேலியை அவர்களுக்கு எடுத்துக் கொடுத்ததே நான்தான் என்பது உனக்குத் தெரியுமோ என்னவோ. நீயும் சேர்ந்து சிரித்தாய். இரண்டே வருடத்தில் அந்த இதயம் நின்றும் போனது.

உன் வானிலைப் புத்தகம் இப்போது என்னிடம்தான். கேள்வியும் நானே, பதிலும் நானே. விமான நிலையத்து வானிலை அறிக்கையை அரைமணிக்கு ஒருதரம் போனில் பார்க்கிறேன். "எங்க பறக்கப் போறீக?" என்கிறாள் என் வீட்டுக்காரி. சிரித்து மழுப்பிவிடுகிறேன்.

மழை வராமல் போனதால் உன் முடிவு தப்பாகிவிடாது. இது விளங்க எனக்கு இத்தனை காலம் ஆயிற்று. அன்று ஃப்ளெக்ஸ் தள்ளியது, சிரிக்கக் காத்திருந்த ஊர் தள்ளியது, மாலையோடு நான் தள்ளினேன். நீ தரையில் நின்றாய். பந்தியில் மூன்றாவது தடவை பாயசம் வேண்டாம் என்று சொல்லக்கூடத் திராணியில்லாதவன் நான்.

நீ செய்தது சரிதான் மாப்ள. நூற்றுக்கு நூறு சரி. இந்த ஒரு வார்த்தையைச் சுமந்துகொண்டுதான் திரிகிறேன். இறக்கிவைக்க ஆள் இல்லை.