தண்ணீர்க் குழாயில் மூன்று தட்டு

அன்புள்ள அக்காவுக்கு,

மார்ச் 14, சனிக்கிழமை, மாலை 4.10. நாற்காலி மூன்று, ஆள் இரண்டு. மூன்றாவது நாற்காலி உன்னுடையது. ஐந்து வாரமாகக் காலி. நலம் விசாரிக்க எனக்குப் பொறுமையில்லை, நேராக விஷயத்துக்கு வருகிறேன். அம்மா பிரஷ் கழுவிக்கொண்டிருக்கிறாள், வருவதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

அடிபட்ட குடும்பங்களை வரையவும் தாளம் தட்டவும் வைத்து மனசை ஆற்றும் சிகிச்சை இது. பெயின்ட் அப்பினால் ஆறிவிடுமா என்று கிண்டலடித்தவன் நான்தான். இன்று பழைய வீட்டை வரையச் சொன்னார் டீச்சர். அளவு பிசகாமல் வரைந்தேன். தொழில் புத்தி, குழாய் லைனைக்கூட விடவில்லை. பிளான் பிரமாதம், ஆள் ஒருத்தரையும் காணோமே என்றார். எரிச்சலோடு அலமாரிக்குள் ஒரு புள்ளி வைத்தேன், நான். மாடித் தொட்டிக்குப் பின்னால் இன்னொன்று, நீ. அப்பா கை ஓங்கினால் நாம் ஓடி ஒளியும் இடங்கள்.

நான் பயப்படக் கூடாதென்று அலமாரிக் கதவின் உள்பக்கம் ஆணியால் ஒரு பூனை கீறி வைத்தாயே! இருட்டில் அதன் மீசையைத் தடவிக்கொண்டே இருப்பேன். அப்பா கேட்டை அறைந்து சாத்திவிட்டுப் போனதும் குழாயில் சத்தம் வரும். டக்டக். சற்று விட்டு, டக். வெளியே வரலாம் என்று அர்த்தம். நீ மேலிருந்து தட்டுவதாக நினைத்தேன். போன வருடம் போனில் சொன்னபோது, நான் எங்கடா தட்டினேன், நீதானே கீழேருந்து தட்டுவே என்றாய். மறதிக் கழுதை என்று உன்னைத் திட்டினேன்.

அம்மா என் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பிரஷ் காம்பால் மேசையில் தட்டினாள். டக்டக். டக்.

கரண்டிக் காம்பால தட்டுவேன் என்றாள். குழாய் போடுவதே என் பிழைப்பு, அக்கா. தொட்டியிலிருந்து அலமாரிக்குப் பின்னால் இறங்கும் லைன் சமையலறையில்தான் முடிகிறது. நானே வரைந்தும் எனக்கு உறைக்கவில்லை.

ஒரு நாளாவது நம்மைத் தேடி வந்தாளா என்று கேட்டுவிட்டுத்தானே நான்கு வருடமாக அவளோடு பேசாமல் இருக்கிறாய்? அதையே கேட்டேன். தேடி வந்தா அவரும் பின்னாடியே வந்து இடத்தைப் பார்த்துடுவாரேடா என்றாள்.

இனி நான் செய்யப்போவது:

1. சமையலறையில் மூன்றாவது புள்ளி வைப்பேன்.
2. அடுத்த சனிக்கிழமை மூன்று மணிக்கு உனக்குப் போன் போட்டு, அந்தப் போனை உன் நாற்காலியில் வைப்பேன்.
3. அம்மாவைப் பேசச் சொல்ல மாட்டேன், தட்டச் சொல்வேன். நீயும் பேச வேண்டாம். காதில் விழுந்தால் திருப்பித் தட்டு, போதும்.

உன் தம்பி,
ஸ்பேனர்